ரஹீமாவின்ர சோத்துச் சட்டி

வைகாசி, புதன்கிழமை

பக்கத்து வீட்டுச் செல்வண்ணை நேற்று விடிய மோசம் போயிட்டார். செத்த வீட்டில அடுப்பு மூட்டுறேல்லை, அயல்தான் சமைச்சுக் குடுக்கிறது. இண்டைக்கு முன்வீட்டு ரஹீமாவின்ர முறை. எங்கட வழக்கம் தெரிஞ்சு மரக்கறியாத்தான் கொண்டு வந்தா.

யாழ்ப்பாணத்தால வந்த செல்வண்ணையின்ர தங்கச்சி வாசல் படலையிலேயே மறிச்சிட்டா. "முஸ்லிம் வீட்டுச் சாப்பாடு வேண்டாம். கடையில எடுப்பம்." ரஹீமா சட்டியோட அப்பிடியே நிண்டா. முகம் கறுத்துப்போச்சு.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சட்டியை வாங்கி முற்றத்தில சம்மணம் கட்டி இருந்து, எல்லாருக்கும் முன்னால சாப்பிட்டன். "இஞ்ச பாரும் தங்கச்சி, நான் மதம் மாறின மாதிரித் தெரியுதோ? குழம்புக்கு உப்புத்தான் கொஞ்சம் கூட" எண்டன். செத்த வீடெண்டும் பாராமல் சனம் சிரிச்சிட்டுது. தங்கச்சி மட்டும் சிரிக்கேல்லை.

அப்பதான் செல்வண்ணையின்ர மனிசி உள்ளுக்கிருந்து எழும்பி வந்தா. நேற்றிலிருந்து தண்ணியும் குடியாத மனிசி. "எனக்கும் போடு, ரஹீமா" எண்டா. அதுக்குப் பிறகு ஆரும் மறுத்துக் கதைக்கேல்லை.

நாளைக்கு என்ர முறை. ரஹீமாவின்ர குசினியிலதான் சமைப்பன். முதல் சோத்துக் கோப்பையை அந்தத் தங்கச்சிக்கு நானே கொண்டுபோய் வைப்பன். அவா தொடாட்டி எனக்கு ரெண்டு கோப்பை.