என் மனுவைப் படித்துவிட்டது குறித்து

அனுப்புநர்:
உரிமையாளர், பூட்டு சாவிக் கடை,
ஆறு மாடிக் கட்டடத்தின் தரைத்தளம்,
லிஃப்ட் கதவுக்கு நேர் எதிரே.

பெறுநர்:
உயர்திரு வட்டார அலுவலர் அவர்கள்,
குடியேற்றத் துறை அலுவலகம்.

பொருள்: எங்கள் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக் குடும்பத்தை நாட்டைவிட்டு அனுப்பும் உத்தரவு – அதற்குக் காரணமான என் மனுவின் மீது நடவடிக்கை எடுத்தது குறித்துப் புகார் – உத்தரவை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: (1) தங்கள் அலுவலகத்தின் கணக்கெடுப்புப் படிவம். (2) அதற்கு நான் எழுதி அனுப்பிய பதில். (3) முப்பது நாள் கெடு வைத்துத் தாங்கள் பிறப்பித்த உத்தரவு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் இந்தக் கட்டடத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகளாகக் கடை நடத்துகிறேன். கையெழுத்து மணிமணியாக இருக்கும் என்பதால் கட்டடத்தின் சார்பில் அரசு அலுவலகங்களுக்கு மனு எழுதும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. தெருமுனைச் சாக்கடைக்கு மூடி போடக் கோரி இதுவரை பதினான்கு மனுக்கள் அனுப்பியுள்ளேன். மூடி இருக்க வேண்டிய இடத்தில் கால் உடைந்த நாற்காலி ஒன்றை நட்டு, அதில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறோம். நாற்காலி மூன்று முறை மாறிவிட்டது. மூடி வரவில்லை. இந்த அனுபவத்தால், மனு என்பது மனத்தில் உள்ளதைக் கொட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருப்பதற்கு அரசு செய்து கொடுத்திருக்கும் ஏற்பாடு என்றே நினைத்திருந்தேன். அதை யாரேனும் படிப்பார்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

2. இந்நிலையில், "வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களால் ஏற்படும் இழப்பும் பயனும்" என்ற தலைப்பில் தங்கள் படிவம் வந்தது. இடப்பக்கம் இழப்பு, வலப்பக்கம் பயன். எங்கள் கட்டடத்தில் அப்படிக் குடியேறியவர்கள் மெக்கானிக், அவர் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள் ஆகிய நால்வர் மட்டுமே. இழப்புப் பக்கத்தில் ஒன்பது இனங்கள் எழுதினேன். இடம் போதாமல் தனித்தாள் இணைத்தேன். பயன் பக்கத்தில் "இல்லை" என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். பதினான்கு மனுவுக்கு அசையாத அரசாங்கம், இந்த ஒன்றுக்கு மட்டும் இருபதே நாளில் அசைந்துவிட்டது. இதுவே என் முதல் புகார்.

3. அந்தப் பதிலின் அடியில் கட்டடத்தார் பதினொரு பேரின் கையெழுத்து இருப்பதைத் தாங்கள் பெரிய ஆதாரமாக உத்தரவில் குறிப்பிட்டுள்ளீர்கள். அதில் ஒன்று என்னுடையது. மற்ற பத்துப் பேரும் வழக்கமான சாக்கடை மூடி மனு என்று நினைத்துக் கையெழுத்திட்டார்கள். சிலர் செருப்பை மாட்டிக்கொண்டே போட்டார்கள். நான் அப்படிச் சொல்லி வாங்கவில்லை. ஆனால் அப்படி இல்லை என்றும் சொல்லவில்லை.

4. உண்மைக் காரணத்தை இனி மறைத்துப் பயனில்லை. எங்கள் லிஃப்ட் நான்கு ஆண்டுகள் ஓடாமல் கிடந்தது. பராமரிப்புக் காண்டிராக்டர் மாதம் ஒருமுறை வந்து, கதவைத் தட்டிப் பார்த்து, பாகம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார். ஆறாம் மாடியில் என் மாமியார் தனியாக வசிக்கிறார். அவருக்கு முழங்கால் வலி. அந்த நான்கு ஆண்டுகளும் அவர் கீழே இறங்கவில்லை. என் மனைவி மேலே போய் வருவாள். மாமியார் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த மரியாதை ஆறு மாடி இடைவெளியில் வாடாமல் இருந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் இந்த மெக்கானிக் குடிவந்தார். வந்த முதல் வாரமே, யாரும் கேட்காமல், லிஃப்டின் மேலறையில் இரண்டு நாள் முடங்கிக் கிடந்து அதை ஓடவைத்துவிட்டார். மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே மாமியார் நின்றிருந்தார். அன்றிலிருந்து தினமும் ஒன்பதுக்கு வந்து, வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் அமர்ந்து, நான் அரம் பிடிக்கும் விதம் சரியில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துச் சொல்கிறார். படிவத்தின் முதல் இனமான "நீண்டகாலமாக நிலவிவந்த அமைதிக்குப் பங்கம்" என்பது இதுதான்.

5. மூன்றாவது இனம் தங்களை மிகவும் கவலைப்பட வைத்திருக்கிறது என்று உத்தரவில் கண்டேன். "மெக்கானிக்கின் மனைவி பகல் வேளைகளில் தமக்குச் சம்பந்தமில்லாத மாடிகளில் நடமாடுகிறார்" என்று எழுதியிருந்தேன். நான் பார்த்தது உண்மை. லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று என் கடையிலிருந்தே தெரியும். பதினோரு மணிக்கு மூன்று, பன்னிரண்டுக்கு நான்கு, மூன்று மணிக்கு ஒன்று என்று அவர் போய்வந்துகொண்டே இருப்பார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எழுதுவதற்கு அதுவே வசதியாக இருந்தது.

6. நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது இனங்களில் இரண்டை நான் இன்றும் வாபஸ் வாங்கவில்லை. ஒன்று, வட்டார மருத்துவமனையில் முன்பு எட்டு மணிக்குப் போனால் ஒன்பதரைக்குத் திரும்பலாம், இப்போது பதினொன்றாகிறது. ஊரில் தலைகள் கூடிவிட்டன. மருத்துவர் மட்டும் அன்றும் ஒருவர், இன்றும் ஒருவர். மற்றொன்று, என் மனைவியின் தம்பி லிஃப்ட் வேலை கற்றவர். இந்த வட்டாரத்தின் நான்கு கட்டடங்களும் தனக்கு வரும் என்று நம்பியிருந்தார். நான்கும் மெக்கானிக்குக்குப் போயின. பத்து மாதம் வீட்டில் இருந்துவிட்டு இப்போது வேன் ஓட்டுகிறார். அவருடைய வருத்தம் நியாயமானது. இவை இழப்புதான், இழப்புப் பக்கத்திலேயே இருக்கட்டும். மொத்தத்தில் நாட்டுக்கு லாபமா நஷ்டமா என்பதைப் பெரிய படிப்புப் படித்தவர்கள் சொல்லட்டும். ஷட்டரைத் தூக்கினால் கண்ணுக்குத் தெரிகிற அளவுதான் எனக்குத் தெரிந்த நாடு.

7. உத்தரவு வந்த பதினெட்டாம் நாள் மாலை மெக்கானிக் என் கடைக்கு வந்தார். மாமியார் மேலே போய்விட்டிருந்தார். ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து பதினொரு சாவிகளை என் மேஜையில் வரிசையாக வைத்தார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அண்ணே, இதெல்லாம் இந்தக் கட்டடத்து வீட்டுச் சாவிங்க. திருப்பிக் குடுக்கலாம்னு வீடு வீடா போனேன். ஒருத்தரும் கைநீட்டி வாங்க மாட்டேங்கறாங்க. போட்டவர் நீங்கதானே, எது யாரோடதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். உங்ககிட்டயே இருக்கட்டும்." அந்தப் படிவத்தை நிரப்பியது நான் என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதை அவர் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் எனக்குத் துணிவு வரவில்லை.

8. நான் போடும் ஒவ்வொரு சாவியின் தலையிலும் அரத்தால் இரண்டு சிறு கோடு இழுப்பது வழக்கம். பதினொன்றிலும் அந்தக் கோடு இருந்தது. கடந்த மூன்றாண்டுகளில் கட்டடத்தார் ஒவ்வொருவராக வந்து மூன்றாவதாக ஒரு சாவி கேட்டார்கள். வீட்டுக்கு இரண்டு சாவி போதுமே, மூன்றாவது யாருக்கு என்று நான் யோசிக்கவே இல்லை. தங்கள் துறையின் விதிப்படி மெக்கானிக்கின் மனைவி எந்த வேலைக்கும் போகக் கூடாது. ஆகையால் பகல் முழுவதும் கட்டடத்தில் உதவிக்கு ஆள் இருக்கும் ஒரே வீடு அவர்களுடையது. முதல் மாடியில் பஸ் கண்டக்டராக உள்ள பெண்மணியின் மகள் மூன்று மணிக்குப் பள்ளியிலிருந்து வருவாள். மூன்றாம் மாடிக்காரரின் தகப்பனார் வெளியே போனால் எந்த வீடு தன்னுடையது என்பதை மறந்துவிடுவார். நான்காம் மாடியில் சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்க ஆளில்லை. இவை எல்லாவற்றையும் வேலைக்குப் போகக் கூடாத அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். படிவத்தில் அவர் பெயருக்கு எதிரே தொழில் என்ற இடத்தில் "ஏதுமில்லை" என்று எழுதியதும் நான்தான்.

9. சாவிகளைக் குறித்துக்கொண்டே வந்தேன். பத்து வீட்டுச் சாவிகளையும் அடையாளம் கண்டேன். அந்தப் பத்து வீட்டாரும் என் தாளில் கையெழுத்திட்ட அதே பத்துப் பேர். பதினொன்றாவது சாவியை இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது இரண்டாம் மாடியில் உள்ள என் வீட்டுச் சாவி. சென்ற ஆண்டு, அம்மாவுக்கு வேண்டும் என்று சொல்லி என் மனைவி என்னிடமே போட்டு வாங்கிய சாவி. அந்த ஆண்டுதான் நான்கு நாள் காய்ச்சலில் படுத்திருந்தேன். மனைவி வேலைக்குப் போய்விடுவாள். கண் விழிக்கும்போதெல்லாம் தலைமாட்டில் பிளாஸ்க்கில் வெந்நீர் இருக்கும், அடுத்த வேளை மாத்திரை தாளில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். மாமியார்தான் முழங்கால் வலியோடு வந்து வைத்துவிட்டுப் போகிறார் என்று நினைத்து, காய்ச்சல் தெளிந்ததும் நன்றிகூடச் சொன்னேன். அவரும் மறுக்கவில்லை. என்னிடம் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று மனைவியைக் கேட்டேன். "உங்ககிட்ட சொன்னா மறுநாளே பூட்ட மாத்திருப்பீங்க" என்றாள். மாற்றியிருப்பேன் என்பது எனக்கே தெரியும், ஐயா. வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

10. மறுநாள் காலை கட்டடத்தார் அனைவரையும் கடை வாசலுக்கு வரச்சொல்லி, நடந்ததைச் சொல்லிவிட்டேன். என்னைத் திட்டியவர்களின் பெயர்ப் பட்டியலை இடமின்மையால் இணைக்கவில்லை. பின் இந்த மனுவை எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன். மாமியார் ஸ்டூலில் அமர்ந்தபடியே பேனாவை வாங்கி மூடினார். "மாப்பிள்ளை, போன தடவை படிச்சுக் காட்டாம வாங்கிட்டீங்க. இந்தத் தடவை படிங்க" என்றார். முழுவதையும் சத்தமாகப் படித்தேன். நான்காம் பத்தியும் அதில் அடக்கம். அதைக் கேட்ட பிறகும் முதல் கையெழுத்தை அவரே போட்டார். ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொன்னார்: அரம் பிடிப்பது பற்றி அவர் சொல்வது வாஸ்தவம் என்று சேர்க்க வேண்டுமாம். சேர்த்துவிட்டேன். என் மைத்துனரும் கையெழுத்திட்டுள்ளார். மனமுவந்து அல்ல, ஆனால் படித்துப் பார்த்துப் போட்டார்.

ஆகவே, ஐயா அவர்கள் தயவுகூர்ந்து:

(அ) மேற்படி குடும்பத்தை அனுப்பும் உத்தரவை, கெடு முடிய மீதமுள்ள ஒன்பது நாட்களுக்குள் ரத்து செய்ய வேண்டுகிறேன். அவ்வாறன்றி அவர்களை அனுப்பினால், லிஃப்ட் பழையபடி நிற்கும். லிஃப்ட் நின்றால் என் வீட்டிலேயே வந்து தங்கிவிடுவதாக மாமியார் என்னிடம் உறுதி அளித்துள்ளார்.

(ஆ) பொய்யான எண்ணம் உண்டாகும்படி எழுதியதற்கு யாரையேனும் தண்டிக்க வேண்டும் என்று விதி இருந்தால், அது கையெழுத்திட்ட மற்ற பத்துப் பேரைச் சேராது. என்னைச் சேரும். அழைத்தால் வருகிறேன்.

(இ) மெக்கானிக்கின் மனைவி வேலைக்குப் போகலாம் என்று அனுமதி கொடுப்பதைப் பற்றியும் யோசிக்கலாம். கட்டடத்தாருக்கு அதில் கொஞ்சம் வருத்தம் இருக்கும். சமாளித்துக்கொள்வோம்.

(ஈ) மருத்துவமனைக்கு இன்னொரு மருத்துவரைப் போட்டால் என் இழப்புப் பட்டியலில் ஓர் இனம் தானாகக் குறையும். அது தங்கள் துறை அல்ல என்பது தெரியும். பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிடவும்.

முந்தைய மனுவை என்ன அக்கறையோடு படித்தீர்களோ, அதே அக்கறையோடு இதையும் படிக்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு மனுவை யாராவது படிக்க வேண்டுமே என்ற கவலையில் எழுதியிருக்கிறேன்.

இடம்: லிஃப்டுக்கு எதிரே
நாள்: கெடுவின் இருபத்தோராம் நாள்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
(ஒப்பம்)
பூட்டு சாவிக் கடைக்காரர்

இணைப்புகள்:
1. கட்டடத்தார் பதினான்கு பேர் கையெழுத்து, படித்துக் காட்டிய பின் பெற்றது.
2. திருத்திய படிவம். பயன் பக்கத்தில் இடம் போதாமல் தனித்தாள் மூன்று.
3. சாக்கடை மூடி கோரும் பதினைந்தாவது மனு. தாங்கள் படிக்கிறவர் என்று தெரிந்துவிட்டதால், உரிய அலுவலகத்தில் சேர்ப்பிக்கவும்.
4. சாவிகள் இணைக்கப்படவில்லை. பத்துச் சாவிகள் உத்தரவை எதிர்பார்த்து என் கடையில் ஆணியில் தொங்குகின்றன. பதினொன்றாவதை, உத்தரவுக்குக் காத்திராமல், நேற்று மாலை ஐந்தாம் மாடிக்குப் படியேறிப் போய் அந்த அம்மாள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.