வெளியேறிய காரணம்

ஜூன் 17, செவ்வாய்

ஆய்வுக் குழுக் கூட்டம் முடிந்து பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பினேன். கல்வியியல் நெறியாளர் ராஜசிங் சாருக்கு என் ஆய்வில் பொருளாதாரம் அதிகம். பொருளாதார நெறியாளர் லட்சுமிகாந்தம் மேடத்துக்கு அதில் பொருளாதாரமே இல்லை. இரண்டு துறைக்கு வாழ்க்கைப்பட்டு, இரண்டு வீட்டிலும் சோறு கிடைக்காத கதை.

நான் சொல்ல வருவது எளிதுதான். படிப்பை விடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிப் பதிவேட்டில் ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதி மூடிவிடுகிறோம். நானும்தான், இத்தனை வருஷமாக. அந்த வார்த்தைக்குப் பின்னால் பட்டாசுக் கம்பெனி இருக்கிறது, தீபாவளி ஆர்டர் இருக்கிறது. அதைக் காட்ட வேண்டும்.

“அதைத் தாய்மார் சொல்லட்டும், ஜெனிட்டா. நீங்க சொல்லாதீங்க” என்றார் சார்.

ஜூன் 26, வியாழன்

என் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஐஸ்வர்யாவின் அம்மா பொன்மணி. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிறார். மற்றப் பெண்களைப் போல அவரையும் வேலைக்குப் போகிற வேனிலேயே பேட்டி எடுக்கலாம் என்று ஏறினேன். காதோடு சொன்னார்: “வேன்ல வேண்டாம் டீச்சர். போர்மேன் பொண்டாட்டி பக்கத்துல இருக்கா. அடுத்த வாரம் சனிக்கிழமை காலைல வீட்டுக்கு வாங்க, வேன் வர்ற வரைக்கும் பேசுவோம்.”

ஜூலை 5, சனி

போனேன். கணவர் திண்ணையில் படுத்திருந்தார். பொன்மணி நன்றாகப் பேசினார். தெருமுனையில் ஹாரன் கேட்டது. எழுந்துவிட்டார். “ஒரே ஒரு கேள்வி அக்கா” என்றேன் – மகளை எதுவரை படிக்க வைப்பீர்கள்?

நின்று யோசித்தார். “நான் மருந்துல கை வைக்கிற வரைக்கும் அவ படிப்பா டீச்சர்.”

வேன் போய்விட்டது. எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் சிரித்தார். “விடுங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமையும் ஆர்டர் வேலை இருக்காம். போயிச் சரிக்கட்டிக்கிருவேன்.”

இந்த ஒரு வரி போதும், ஒரு அத்தியாயமே நிற்கும். சந்தோஷமாக வீடு வந்தேன். ஆமாம், சந்தோஷமாகத்தான்.

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனை நேரத்தில் சத்தம். ஜன்னல் அதிர்ந்தது. பாட்டை நிறுத்திவிட்டு எல்லாரும் போனை எடுத்தோம்.

அந்தக் கம்பெனிதான்.

ஜூலை 9, புதன்

பொன்மணியின் முகம் காட்டவில்லை. துணி சுற்றியே கொண்டு வந்தார்கள்.

ஐஸ்வர்யா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அம்மா ஞாயித்துக்கிழமை போகவே மாட்டாக டீச்சர். சனிக்கிழமை வேன விட்டுட்டாக, அதான்.” அந்தச் சனிக்கிழமை காலை அவள் ஸ்பெஷல் கிளாசில் இருந்தாள். நான்தான் வரச் சொல்லியிருந்தேன்.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சீ, என்ன மனுஷி நான்.

ஜூலை 10

கர்த்தாவே.

ஜூலை 30, புதன்

அவள் பள்ளிக்கு வருவதில்லை. அப்பாவுக்கு நெஞ்சு சரியில்லை, கீழே ஒரு தங்கச்சி. பதினெட்டு முடிந்ததும் அம்மா வேலையைத் தருவதாகக் கம்பெனி சொல்லியிருக்கிறது. அதுவரைக்கும் வீட்டில் பட்டாசு டப்பா ஒட்டுகிறாள்.

இன்று போய்ச் சொல்லிவிட்டேன். வேன் என்னால்தான் போனது என்று.

ஒட்டுவதை நிறுத்தவில்லை. “அப்பா அன்னைக்கே சொல்லிட்டாக டீச்சர்.” அடுத்த டப்பாவை எடுத்தபடி, “அம்மா எதப் பத்திப் பேசிட்டு இருந்தாக?”

“உன் படிப்பப் பத்தி.”

தலையாட்டினாள். பீஸ் நான் கட்டுகிறேன், தங்கச்சியையும் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். “நீங்க போங்க டீச்சர்” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

குழுவில் பொன்மணியின் அந்த வரியை வாசித்தேன். வாசிக்காமல் இருந்திருக்கலாம். லட்சுமிகாந்தம் மேடம், “இப்பத்தான் ரெண்டு துறையும் ஒண்ணு சேருது” என்றார். ராஜசிங் சார் முதல்முறையாக அவரோடு ஒத்துப்போனார். அத்தியாயம் ஏற்கப்பட்டது. சொன்னவருக்கு என்ன ஆயிற்று என்று அவர்களுக்குத் தெரியும். எப்படி ஆயிற்று என்று தெரியாது. கேட்கவும் இல்லை.

பஸ்சில் வரும் வழியெல்லாம் அழுதேன்.

செப்டம்பர் 15, திங்கள்

காலையில் தலைமையாசிரியர் பதிவேட்டை என் முன்னால் வைத்தார். ஐஸ்வர்யாவின் பெயருக்கு நேரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

“என்ன டீச்சர் யோசிக்கீக? எப்பவும் எழுதுறதுதான.”

‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.