காலி மேசைக்கு நின்றவர்

மார்ச் 3, புதன்

இன்று அப்பாவிடம் சொல்லாதது: தொற்றுக்காக மூடிய உணவகங்கள் வரும் திங்கட்கிழமையும் திறக்கப் போவதில்லை. இன்னும் ஐந்து வாரம். இது ஆறாவது நீட்டிப்பு.

எனக்குக் காலை பதினொன்றரைக்கே தெரியும். நகர நிர்வாக அலுவலகத்தின் அறிவிப்புப் பிரிவில் அந்த ஆணையைத் தட்டச்சு செய்தவளே நான்தான். நாளை பத்து மணிக்குக் கையெழுத்தாகி வெளியாகும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்றே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மாலையில் வீட்டுக்குப் போகும் வழியில் எங்கள் உணவகத்துக்குள் எட்டிப் பார்த்தேன். அம்மா அடுப்படியில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டு, ஆடுகிற கால்களுக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தார். மேசை விரிப்புகள் எல்லாம் வெளுத்து வந்து அடுக்கியிருந்தன.

"திங்கக்கிழமை விட்டுடுவாங்கல்லம்மா?" என்றார். வாயில் இரண்டு திருகாணிகள்.

"தெரியலப்பா" என்றேன்.

பொய். இருபத்தேழு வயதில் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் பெரிய பொய் இதுவாகத்தான் இருக்கும். மீதி நாற்காலிகளைப் பிடித்துக் கொடுத்தேன்.

மார்ச் 4, வியாழன்

வெளியாகிவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார், நேற்றே தெரியும்தானே என்பதுபோல. பிறகு, "சாப்பிட்டியா?" என்றார்.

மார்ச் 5, வெள்ளி

அம்மா கணக்காகப் பேசுகிறாள். கட்டடக்காரர் இம்மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் பதில் கேட்டிருக்கிறார்: அடுத்த மூன்று வருடத்துக்கு இடம் வேண்டுமா, வேண்டாமா? வேண்டாமென்றால் கைபேசி உறை விற்கிற ஒருவர் தயாராக இருக்கிறாராம். விட்டுவிடலாம் என்கிறாள் அம்மா. வீட்டு அடுப்பிலேயே சமைத்துப் பார்சல் அனுப்பிக்கொள்ளலாம்.

அவள் சொல்வதில் தப்பில்லை. அம்மாவின் கை எங்கே இருந்தாலும் சமைக்கும். அப்பாவுக்குத்தான் அந்த அறை வேண்டும். அவர் சமைக்கிறவர் இல்லை, பரிமாறுகிறவர். யாருக்கு எந்த நாற்காலி, யாருக்கு உப்பு குறைவு, யார் பேசிக்கொண்டே சாப்பிடுவார், யாரைத் தனியே விட வேண்டும் என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது. இருபத்தெட்டு வருடப் படிப்பு. இப்போது அட்டைப் பெட்டி மடிக்கிறார்.

"டப்பாவுக்குப் பரிமாற முடியுமா சொல்லு" என்றார் ஒருநாள், சிரித்துக்கொண்டேதான்.

கொள்ளைநோய்க் காலங்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். பயத்தைப் பற்றியும் சாவைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். காத்திருந்து காத்திருந்து மனிதர்கள் சிடுசிடுத்துப்போவதைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. இந்தத் தெருவில் இப்போது எல்லோருக்கும் மூக்குக்கு மேல் கோபம். பூங்கா பெஞ்சில் கட்டியிருந்த தடுப்பு நாடாவை யாரோ அறுத்து மரத்தில் சுற்றிவிட்டிருக்கிறார்கள்.

மார்ச் 7, ஞாயிறு

மூடிக் கிடக்கும் ஜிம்மில் தெருக் கடைக்காரர்கள் கூட்டம். ஆளுக்கு இரண்டு மீட்டர் விட்டு, ஓடாத இயந்திரங்களின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவுக்குக் கண்ணாடி எடுத்துப் போனேன், அப்படியே நின்றுவிட்டேன்.

ஜிம்காரர் சின்ன வயது, குரல் பெரிது. புதன்கிழமை எல்லோரும் ஷட்டரைத் தூக்கிவிட வேண்டும், எத்தனை பேர்மேல்தான் வழக்குப் போடுவார்கள் பார்க்கலாம் என்றார். சலூன்காரர் தனக்கு அனுமதி இருப்பதற்கே கூச்சப்பட்டார். "நான் மூஞ்சிக்கு நேரா நின்னு மீசை வெட்டலாமாம். அண்ணன் ஒரு தட்டு வைக்கக் கூடாதாம். இதுக்கு எந்த டாக்டர் கையெழுத்துப் போட்டான்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா திறக்க மாட்டேன் என்றார்.

"பொண்ணு அந்த ஆபீஸ்ல இருக்கா, அண்ணனுக்கு அந்தப் பயம்" என்றார் ஜிம்காரர். என்னைப் பார்க்கவில்லை, நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

"பயந்தான் தம்பி" என்றார் அப்பா. "என் மச்சான் பத்தொன்பது நாள் குழாய்ல மூச்சு விட்டான். இன்னிக்கும் மாடி ஏற நடுவுல உக்காந்து எந்திரிக்கிறான். என் கடையில சாப்பிட்டுட்டு ஒருத்தர் அப்படிப் படுத்தா நான் அப்புறம் யாருக்குப் பரிமாறுவேன்?"

அப்பா எழுந்து, "ஆனா சும்மா உக்காந்திருக்கவும் மாட்டேன்" என்றார். என்ன செய்யப் போகிறார் என்று அவருக்கே அப்போது தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 9, செவ்வாய்

அப்பா ஆணையை வாசிக்கச் சொன்னார். இரண்டு முறை. "மேசை போடக் கூடாதுன்னு எங்கயாவது இருக்கா?" இல்லை. நானே தட்டியது, ஆனாலும் மறுபடி தேடிப் பார்த்தேன். உள்ளேயும் வெளியேயும் உணவு பரிமாறக் கூடாது, யாரும் உட்காரக் கூடாது. அவ்வளவுதான்.

மார்ச் 10, புதன்

போட்டுவிட்டார்.

நடைபாதையில் நான்கு மேசை. எங்களுக்குப் பழைய அனுமதி உண்டு. வெளுத்த விரிப்பு, தட்டு, முள்கரண்டி, கவிழ்த்த கண்ணாடி டம்ளர், மடித்த துணி. ஒவ்வொரு விரிப்பின் ஓரத்தையும் குனிந்து கண்ணால் அளந்து சரிசெய்தார். பன்னிரண்டு மணிக்கு வெள்ளைச் சட்டையில், கையில் துண்டோடு வாசலில் நின்றார். இரண்டு மணிக்கு எல்லாவற்றையும் எடுத்து, கழுவி, அடுக்கிவைத்தார். யாரும் சாப்பிடாத தட்டுகளைக் கழுவினார்!

ஒரு சின்ன அட்டையில் "நாங்கள் தயார்" என்று எழுதிக் கொடுத்தேன். அது மட்டும்தான் என் பங்கு.

காலையில் அம்மா, "ஊரே பார்த்துச் சிரிக்கப் போகுது. நிக்கிறதுக்கு ஒரு ஆள், பார்க்குறதுக்கு ஒரு கூட்டம்" என்றாளாம். அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டதும் அவள்தான்.

மார்ச் 13, சனி

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் வாடிக்கையாளர்களில் ஜன்னலோரத்து இடத்தை யாருக்கும் விட்டுத்தராத ஒருவர் உண்டு. 'ஜன்னல்' என்றே எங்களுக்குள் பெயர். எதிர்ப்பக்க நடைபாதையில் அரைமணி நேரம் நின்று தன் வழக்கமான மேசையைப் பார்த்துவிட்டுப் போனார். போகும்போது அப்பாவுக்குத் தலையசைத்தார். அப்பாவும்.

இன்று தெருவில் இன்னும் மூன்று கடைகள் மேசை போட்டிருந்தன. ஒன்றில் விரிப்புக்குப் பதில் செய்தித்தாள். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை, நம்முடைய இரண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மார்ச் 16, செவ்வாய்

மதிய இடைவேளையில் ஓடிப் போய்ப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இன்று போனது நல்லதாயிற்று.

சுகாதார ஆய்வாளர் வந்திருந்தார். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் கீழ்த்தளத்துக்காரர். முகம் தெரியும், பேசியதில்லை. ஐம்பது வயதிருக்கும், காலையிலிருந்து நடந்த களைப்பு. மேசைகளைச் சுற்றி வந்தார். டம்ளர்கள் காய்ந்திருக்கின்றனவா என்றுகூடப் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை. படிவத்தை நிரப்ப வேண்டும், வைத்து எழுத இடமில்லை. பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் உட்கார்ந்தாரோ இல்லையோ, அப்பா நகர்ந்தார். டம்ளர் நிமிர்ந்தது, தண்ணீர் விழுந்தது, துணி அவர் மடிப்பக்கம் போனது. கொஞ்சம் குனிந்து, "என்ன சாப்பிடுறீங்க சார்?" என்றார்.

தெருவே அசையாமல் நின்றது. ஆய்வாளர் தண்ணீரைப் பார்த்தார். அப்பா தன் கையைப் பார்த்தார்.

சலூன் வாசலிலிருந்து குரல்: "அதிகாரிங்களுக்கு மட்டும் தொறந்தாச்சா?"

ஆய்வாளர் தேள் கொட்டியதுபோல் எழுந்தார். இப்போது சிரிப்பு, தெரு முழுக்க, பல மாதங்களில் நான் கேட்காத சிரிப்பு. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. காதுமடல் சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்கங்க சார். கைப்பழக்கம். ஆள் உக்காந்தா கை தானாப் போயிடும்" என்றார். பிறகு நிமிர்ந்து, "தப்பு தப்புதான். தண்ணி வச்சேன்னு எழுதுங்க. கையெழுத்துப் போடுறேன்."

"யாருக்கு வச்சீங்கன்னு எழுதுறது?" என்றார் ஆய்வாளர், மெதுவாக.

படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அப்பா அந்த டம்ளரை எடுத்துப் போய்க் கழுவினார். மேல்மாடிக் கண்ணாடிக் கடையிலிருந்து யாரோ படம் எடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 17, புதன்

படம் எல்லோர் கைபேசியிலும் வந்துவிட்டது. அப்பா குனிந்து தண்ணீர் ஊற்றுகிறார், ஆய்வாளரின் முதுகு, மூன்று காலி மேசைகள்.

அலுவலகத்தில் என் பிரிவே அதைச் சுற்றி நின்றது. "பாவம், பித்துப் பிடிச்சிருக்கும். காலி மேசைக்கு நிக்கிறாரு" என்றாள் பக்கத்து மேசைக்காரி. கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. யார் இவர் என்று கேட்டார் மேலாளர் மேடம்.

இந்த நான்கு வருடத்தில் இங்கே யாரிடமும் என் வீட்டைப் பற்றிப் பேசியதில்லை. பேசாமல் இருப்பது எனக்கு வசதி. இன்று வாய் தானாகத் திறந்தது.

"எங்க அப்பா. பித்தெல்லாம் இல்ல. அவரு வேலையைப் பார்க்குறாரு."

எனக்கே ஆச்சரியம்.

மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று போனேன். உட்காரச் சொன்னார். "இந்த ஆர்டரை நீதானே டைப் பண்ணின?"

ஆமாம் என்றேன். பிறகு, இரண்டு வாரமாக நெஞ்சில் கிடந்ததையும் சொன்னேன். புது ஆணை என்று நாங்கள் ஒன்றும் எழுதுவதில்லை. பழைய கோப்பைத் திறந்து தேதியை மட்டும் மாற்றுகிறோம். 'உள்ளேயும் வெளியேயும்' என்ற வரி முதல் வாரத்தில், யாருக்கும் எதுவும் தெரியாதபோது, அவசரத்தில் எழுதியது. இப்போது பூங்காவில் நடக்கலாம், சந்தையில் நிற்கலாம். திறந்த வெளியில் ஒரு மேசையில் பரிமாறக் கூடாது என்று இந்த ஆறு முறையில் யாராவது உட்கார்ந்து யோசித்தார்களா? இல்லை. அந்த வரி அங்கே இருந்தது, அதனால் இருந்தது. ஆறு முறையும் அதைத் தாண்டிப் போய்த் தேதியை மாற்றியது என் விரல்தான்.

மேடம் அந்தக் கோப்பை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "ஒவ்வொரு தடவையும் கீழ கையெழுத்து என்னோடதும் இருக்கு" என்றார். பிறகு, கட்டுப்பாடுகளை முடிவு செய்கிற குழு திங்கட்கிழமை கூடுகிறது, தெருவில் குடியிருப்பவளாக ஒரு பக்கம் எழுதிக் கொடு, பெயர் போட்டு என்றார். "பேர் போடாம வந்தா நான் தொட மாட்டேன்."

மார்ச் 18, வியாழன்

எழுதினேன். பதினோரு வரி. பெயர் போட்டேன்.

மார்ச் 22, திங்கள்

குழுவில் தெருவின் சார்பில் ஒருவரைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தெரு அப்பாவை அனுப்பியது, ஜிம்காரரே முன்மொழிந்தாராம். நடவடிக்கைக் குறிப்பு எடுக்க வேண்டியவள் நான். அப்பாவுக்கு நேர் எதிரே, கணினிக்குப் பின்னால்.

வெள்ளைச் சட்டை. துண்டு இல்லாததால் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. டாக்டர் ஒருவர், மேசைகளுக்கு நடுவில் எவ்வளவு இடம் என்று கேட்டார். அப்பா அறையை ஒருமுறை பார்த்துவிட்டு, "இங்க நீங்க உக்காந்திருக்கிறதவிட ஒரு முழம் அதிகம் சார்" என்றார். அளந்து பார்த்தார்கள். சரியாக இருந்தது.

கடைசியில் ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார்கள். சொன்னார். ஒரு எழுத்து மாற்றாமல் தட்டினேன்:

"மூடுங்கன்னீங்க, மூடினோம். வேணும்னா இன்னும் மூடுறோம். ஆனா ஒவ்வொரு தடவையும் எங்களை நினைச்சுப் பார்த்து மூடுங்க. மறந்துபோய் மூடாதீங்க."

குறிப்பில் பேச்சுவழக்கு வரக் கூடாது என்று விதி உண்டு. திருத்தவில்லை. மேடமும் திருத்தவில்லை.

மார்ச் 26, வெள்ளி

குழு முடிவைத் தள்ளிவைத்திருக்கிறது. மருத்துவமனை எண்ணிக்கையைப் பார்க்க வேண்டுமாம். பார்க்கட்டும். அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் முப்பத்தொன்றாம் தேதி நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது.

மார்ச் 31, புதன்

கட்டடக்காரர் மதியமே வந்துவிட்டார். குழுவிலிருந்து ஒரு தகவலும் இல்லை. நான் அலுவலகத்தில். நடந்ததை அப்பா சொல்லித்தான் தெரியும்.

அப்பா வாசலில் நின்றிருக்கிறார். பன்னிரண்டரை. விட்டுவிடலாம் என்று சொல்லத் தயாராகிவிட்டாராம். இத்தனை நாள் அம்மா கேட்டது அதுதானே. அவர் வாய் திறப்பதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வச்சுக்கிறோம். பேப்பர் எங்க?" என்றாளாம்.

மாலையில் ஏம்மா என்று கேட்டேன்.

"ஏன்னா என்னடி ஏன்? அந்த மனுஷன் மூணு வாரமா வெயில்ல காலி நாற்காலிக்கு நிக்கிறாரு. இவரைக் கொண்டுபோய் வீட்ல டப்பா மடிக்க வைக்கவா? என்னால ஆகாது." பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள். "திறக்கலன்னா திறக்கல. நிக்கட்டும். நானும் பக்கத்துல நிக்கிறேன்."

இவர்கள் இரண்டு பேருக்கும் பிறந்தவள் நான். அதை எழுதிவைக்க வேண்டும் போல இருக்கிறது.

ஏப்ரல் 8, வியாழன்

குழுவின் முடிவு வந்தது. வரும் திங்கள் முதல் வெளியே பரிமாறலாம், மேசைக்கு நான்கு பேர், உள்ளே கூடாது. உடற்பயிற்சிக் கூடங்களுக்கு அனுமதி இல்லை. தேதி குறிப்பிடவில்லை. நான்தான் தட்டினேன். வெளியாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 13, செவ்வாய்

நேற்று திறந்தோம். நான்கு மேசை. ஒன்றரை மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. எழுந்து போனவர்கள் ஐந்து பேர், குடையை விரித்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தவர்கள் ஒன்பது பேர். அம்மா இரண்டாவது முறை உலை வைத்தாள். ஜிம்காரர் இடத்தைக் காலி செய்துவிட்டார். அவருடைய இயந்திரங்களை ஏற்றிய வண்டி எங்கள் மேசைகளைத் தாண்டித்தான் போனது. அப்பா ஓடிப் போய் வண்டியை நிறுத்தி அவரை இறக்கிக் கூட்டிவந்து உட்காரவைத்தார். அவர் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அப்பா நாலரை மணிவரை உட்காரவில்லை.