இடப்பக்கம் திரும்பிய ஸ்வஸ்திகம்

என்றைக்கும் என்னோடு இருக்கிற என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறதுங்க. ஜெர்மனியில் நம் மகள் செல்வி சுகம். ஆனால் நீங்கள் கடைசியாகச் செய்த பீங்கான் ஸ்வஸ்திகத்தை நேற்று அவள் வாசற்கதவிலிருந்து கழற்றிவிட்டாள். கழற்றச் சொன்னது நான்தான்.

அவளுடைய எதிர்வீட்டில் வயதான அம்மாள் ஒருவர் புதிதாகக் குடிவந்திருக்கிறார். செல்வியின் கதவைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அவர் சிறுமியாக இருந்தபோது அப்பாவை இழுத்துப்போய்க் கொன்றவர்கள் கையில் இதே குறியைக் கட்டியிருந்தார்களாம். அங்கே இதற்குக் கொக்கிச் சிலுவை என்று பெயராம்.

"அர்த்தத்த எடுத்துச் சொல்லுடி" என்றேன். நான்தான் எதைப் படித்தாலும் நோட்டில் எழுதிவைப்பவளாயிற்றே. 'சு' என்றால் நல்ல, 'அஸ்தி' என்றால் இருக்கிறது, ஸ்வஸ்தி என்றால் நலமாக இருக்கட்டும். நம் கோயில் கல்வெட்டுகூட ஸ்வஸ்தி ஸ்ரீ என்றுதானே தொடங்குகிறது? எல்லாவற்றையும் போனிலேயே வாசித்தேன்.

"எல்லாம் சொன்னேம்மா. பொறுமையாதான் கேட்டாங்க. ஒம்மேல கோவம் இல்லன்னாங்க. ஆனா இப்ப பின்வாசல் வழியா சுத்திகினு போறாங்கம்மா."

நலமாக இரு என்கிற குறி ஒரு கிழவியைப் பின்வாசலில் சுற்றவைத்தால், நோட்டில் அதற்கு நான் என்ன பொருள் எழுதுவது?

அந்த ஸ்வஸ்திகத்துக்கு முன்னால் நீங்கள் முதலில் செய்தது நினைவிருக்கிறதா? அச்சில் திருப்பி வெட்டினால்தான் பீங்கானில் நேராக விழும். முப்பது வருடம் அச்சு வெட்டிய கை, காய்ச்சலில் நேராகவே வெட்டிவிட்டது. சூளையிலிருந்து வந்தது இடப்பக்கம் திரும்பியிருந்தது.

"இது வாசலுக்கு ஆவாதுங்க" என்றேன்.

"ஏன்டி, புள்ளையாரு எந்தப் பக்கம்னு பாத்துதான் வூட்டுக்குள்ள வருவாரா?" என்று சிரித்தீர்கள். இருமல் வந்துவிட்டது. நான் விடவில்லை. திரும்ப ஒரு அச்சு வெட்டவைத்தேன். அந்த ஒரு வாரம் நீங்கள் படுத்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பீர்களா? யாரைக் கேட்பேன்?

அப்படி உங்களை வாட்டி வாங்கியதைத்தான் நேற்று கழற்றச் சொன்னேன். "அப்பா கைப்பட்டதும்மா" என்று அவள் விம்மினாள். நான் கொடுத்தனுப்பிய பட்டுப்புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறாளாம். எதிர்வீட்டம்மாள் முன்வாசலில் வந்தாரா என்று கேட்டேன். இன்னும் இல்லையாம்.

நான் ஆகாது என்று ஒதுக்கிய அந்த முதலாவது அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடந்தது. இன்று காலை துடைத்துப் பூஜை மாடத்தில் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். சரியா தப்பா, தெரியவில்லை. தினமும் அதற்குக் குங்குமம் வைப்பேன். பெயர் தெரியாத அந்த அம்மாளும் நலமாக இருக்கட்டும் என்று சொல்லித்தான் வைப்பேன். இனி எந்தப் பக்கம் என்று பார்க்க மாட்டேனுங்க.

உங்களிடம் மறுபடி வேலை வாங்கிய,
உங்கள் மனைவி, செல்வியின் அம்மா
விருத்தாசலம்