இளவெயிற் சாலையின் கரிந்த பொங்கல் குறித்து நெய்தலங்காடியிலிருந்து விடுத்த ஓலை

கழியில் நீர் வற்றாதிருக்க. கலங்கள் கரை சேர்க. சுமப்பவர் தோளும் சமைப்பவர் கையும் நோவாதிருக்க.

செங்கழி நாட்டின் ஏழு கூற்றமும் தன் குடைக்கீழ் வைத்தாளும் அடலேறு மாராயர்க்கு யாண்டு பதினொன்றாவதில், மாராயர் திருவாய்மொழியை எழுத்தாக்கி நாடெங்கும் செலுத்தும் திருவோலை நாயகர், வாகைமூதூர் கண்டன் விழுப்பரையர் திருமுன்பு, நெய்தலங்காடித் துறைமுகத்து ஊண்சாலைகளை விசாரிக்கும் வேட்டன் கொற்றன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் மூதூரும், அதன் மதிலும், மதிலினுள் வாழும் மாந்தரும், தங்கள் இல்லத்தாரும் நலமே வாழ்க. இங்கும் யாவரும் நலம் என்று எழுதுவது வழக்கம். இம்முறை எழுதக் கை வரவில்லை. பொறுத்தருள்க.

துறைமுகத் தெருவிலுள்ள இளவெயிற் சாலையின் சோற்றையும் பரிமாறலையும் மாராயர் புகழ்ந்த செய்தியைக் கல்லில் வெட்டி நிறுத்துமாறும், அதற்கு முன் அங்கே உண்பவர் பத்தொன்பதின்மர் வாய்மொழியை அவரவர் சொன்ன சொல்லிலேயே எழுதி அனுப்புமாறும் தாங்கள் பணித்தீர்கள். பணித்தபடி செய்தேன். பத்தொன்பதின்மரும் நன்று என்றே சொன்னார்கள். அந்த ஓலைக்கட்டு இதனுடன் வருகிறது. அதை மட்டும் அனுப்பிவிட்டுப் பேசாதிருந்தால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் நான் உப்பளத்தில் பாத்தி மிதித்து வளர்ந்தவன். பசித்தவன் முகம் சோற்றின் முன் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சாலையில் நான் கண்டது அந்த முகம் அன்று.

இளவெயிற் சாலை இன்னதென்று மூதூரில் இருப்போர் அறியார். கலத்திலிருந்து சரக்கு இறக்குவோரும் வலை சீர்செய்வோரும் விடியுமுன் வேலைக்கு இறங்குகிறார்கள். காலை உணவுக்கு நேரமில்லை. உச்சி வரை தாங்க வயிறில்லை. ஆகவே இளவெயில் ஏறும் பொழுதில் இரண்டையும் ஒன்றாக்கி ஒரே ஊண் உண்கிறார்கள். நாள் முழுதும் அவர்களுக்கு அதுவே சோறு. வரகுப் பொங்கல், அயிரைக் குழம்பு, கீரை, மோர். சாலையை நடத்துபவள் தாயங்கண்ணி என்னும் பெண். நெய்யும் மிளகும் சேர்ந்து மணக்கும் அவள் பொங்கலுக்காகவே இந்தத் துறையில் வேலைக்கு வந்து சேர்ந்தவர்கள் உண்டு என்று பழைய ஆட்கள் சொல்கிறார்கள்.

சென்ற ஆண்டு மாராயர் துறை காண வந்த நாளில் தெருவே அவர் யானையைப் பார்க்க ஓடியது. தாயங்கண்ணியும் ஓடினாள். அடுப்பில் பொங்கல் அடிப்பிடித்தது. அவள் திரும்பி வருவதற்குள் மாராயர் சாலைக்குள் வந்து அமர்ந்துவிட்டார். வேறு சோறு இல்லாமையால் அதையே பரிமாறினார்கள். நாள்தோறும் நெய்ச்சோறும் பாற்சோறும் உண்ணும் நாவுக்குப் புகைவாடை புதிதாக இருந்திருக்கிறது. மாராயர் அகமகிழ்ந்து, இச்சோறு இவ்வண்ணமே நாள்தோறும் சமைக்கப்படுக, அன்று பரிமாறிய வண்ணமே பரிமாறப்படுக என்று அருளினார். தாங்கள் அதை எழுத்தாக்கினீர்கள். எழுத்தில் பிழையில்லை. பிழை நடந்தது அடுப்பில். அதற்கு நாம் முத்திரை வைத்துவிட்டோம்.

அந்த நாள் நடந்தபடியே இன்றும் நடக்கிறது. அடி கரியும் வரை பானையை இறக்கலாகாது. மாராயர் முன் அஞ்சிப் பரிமாறுவோர் அன்று தலை குனிந்தே நின்றார்கள். ஆகவே இன்றும் குனிந்தே நிற்கிறார்கள். எந்த இலை காலி, எவன் இன்னும் பசித்திருக்கிறான் என்று அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அன்று ஒருவரும் மறுசோறு கேட்கவில்லை. ஆகவே இன்றும் கேட்கலாகாது. அன்று பரிவாரத்தார் மோரைக் குடித்துத் தீர்த்ததால் கடைசி வரிசைக்கு மோர் எட்டவில்லை. ஆகவே இன்று மோர் நிரம்பியிருந்தாலும் கடைசி வரிசைக்கு ஊற்றுவதில்லை. பானையை அவர்கள் கண்முன்னே மூடி வைக்கிறார்கள்.

வேறிடம் போய் உண்ணலாமே என்று தாங்கள் வினவக்கூடும். அதே ஓலையின்படி மாராயர் புகழ்ந்த சாலைக்குப் போட்டியாக அத்தெருவில் வேறு அடுப்பு எரியக்கூடாது. துறைக்கதவு விடியலில் அடைத்தால் உச்சிமுரசுக்குத்தான் திறக்கும். வீட்டிலிருந்து கட்டிவந்த சோற்றையும் வாயிற்காவலர் பிடுங்கிவிடுகிறார்கள். அது மாராயர் புகழ்ந்த சோற்றை இகழ்வதாகுமாம். ஆக, தின்றால் இதைத் தின்ன வேண்டும். இல்லையேல் வெறும்வயிற்றோடு மூட்டை தூக்க வேண்டும்.

இனி வாய்மொழிகளில் மூன்றைத் தங்கள் பார்வைக்கு எடுத்துரைக்கிறேன். சுமைதூக்கும் மாசாத்தன் சொன்னது: "நல்லாருக்குய்யா. எழுதிக்குங்க. ரெண்டு தடவையா எழுதிக்குங்க, ஒரு தடவை எழுதினா மூதூருல நம்பமாட்டாங்க." இதைச் சொன்னபோது அவன் இலையில் பாதிச் சோறு கிடந்தது.

வலை முடையும் கோதையம்மை, எழுதுமுன் என்னைக் கேள்வி கேட்டாள். "ஏன் சாமி, கரின்னு சொன்னா என்ன பண்ணுவீக?" மாராயர் வாக்கை மறுத்தாய் என்று எழுத நேரும் என்றேன். "அப்ப அமுதம்னு போடுங்க. எங்களுக்கும் தனியாக் கரி வச்சுப் பல்லு வெளக்குற வேலை மிச்சம்" என்றாள். வரிசை முழுதும் சிரித்தது. பரிமாறுவோர் மட்டும் சிரிக்கவில்லை. அன்று அவர்கள் சிரிக்கவில்லை அல்லவா.

மூன்றாமவர், அங்கேயே உண்டு, பொங்கல் கரிந்ததா என்று மோந்து பார்க்க அரண்மனை அனுப்பிய காவலர் எழினி. அவரும் நன்று என்று எழுதவைத்தபின் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, ஓராண்டா இந்தப் புகையில நின்னு எனக்கு மூக்கே செத்துப்போச்சு. இப்ப அந்த அம்மா கரிஞ்சிடுச்சுன்னு சொன்னாத்தான் எனக்குத் தெரியுது" என்றார்.

இதைக் கேட்டு நான் தாயங்கண்ணியிடம் சென்று, காவலருக்கு மணமே தெரியாதபோது பானையை வேளையோடு இறக்கிவிட்டுக் கரிந்தது என்று சொல்லலாகாதா என்று மெல்ல வினவினேன். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். "சொல்லலாம்யா. எவனாவது ஒருத்தன் நல்லா சாப்ட்டுட்டு வெளிய போயி சும்மா இருப்பானா? சொல்லிருவான். அப்புறம் எழினி தலை போவும். அவருக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. நெதம் காலையில எங்கையி பானையை எறக்கப் போவுதுய்யா. பக்குவம் வந்தது அதுக்குத் தெரியும். நாந்தான் இந்தக் கையால அந்தக் கையைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறேன். எம்முன்னாடி தீஞ்சு போவுது." பின்னும் சொன்னாள்: "என் பாடு போவட்டும். கல்லு நட்டா எம்மக நீலி, அவ மகன்னு வழிவழியாக் கரிக்கணுமாமே. அவளுக்கு நான் சமையலே சொல்லிக் குடுக்கல. எதைச் சொல்லிக் குடுக்க? நல்லா சமைக்கச் சொல்லிக் குடுத்தா அவளுக்கும் இந்த வேதனை. ஒண்ணு ஒழுங்காச் சமைக்க விடுங்க, இல்ல என்னை மூட்டை தூக்க விடுங்க. யானையைக்கூட நான் முழுசாப் பாக்கலய்யா."

இவ்வளவும் கேட்ட பின் எனக்கும் இலை போட்டார்கள். உண்டேன். நாவில் கசந்தது, தொண்டையில் சாம்பல் போல் இறங்கியது. வாயிற்காவலர் ஒருபுறம், வரிசை மறுபுறம், அவள் அடுப்படியில் நின்று என்னையே பார்த்திருக்க, எப்படி இருக்கிறது என்று அவ்வாயிற்காவலர் வினவினார். நன்று என்றேன். அவள் திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். ஏழு வயதில் உப்பு வெட்டியபோது கங்காணி வெயில் சுடுகிறதா என்று கேட்பார், இல்லை என்போம். அதே குரலில்தான் சொன்னேன். பதவி வந்தும் குரல் மாறவில்லை.

ஆகவே இருபதாவது வாய்மொழியாக என் வாய்மொழியை என் கையாலேயே எழுதுகிறேன். இளவெயிற் சாலையின் பொங்கல் கரிந்தது. மனிதர் நாள்தோறும் உண்ணத் தக்கதன்று. பரிமாறல் முறையற்றது. அங்கே உண்பவர் விரும்பி உண்ணவில்லை. சமைப்பவள் விரும்பிச் சமைக்கவில்லை. நான் சொன்ன நன்று பொய். மாராயர் சுவைத்தது ஒரு நாள்; அவர் சுவை பொய்யென்று நான் சொல்லவில்லை. ஒரு நாளின் சுவையை ஓராண்டின் விதியாக்கியது மட்டுமே தவறு. இவ்வண்ணமே என்னும் சொல்லை நீக்கி வேறோர் ஓலை எழுதத் தங்களால் இயலும். மாராயரிடம் அதை எடுத்துரைக்க அஞ்சுவீர்கள் என்பதும் அறிவேன். நானும் அஞ்சித்தான் இருக்கிறேன்.

மாராயர் வாக்கை எழுத்தில் மறுத்தவர் பதவி இழப்பர் என்பது முறை. இழக்கிறேன். ஆனால் பதவி நீக்கும் ஓலை கைக்கு வந்து சேரும் வரை விசாரிப்பவன் ஆணை செல்லும் என்பதும் முறையே. மூதூருக்குப் போக ஐந்து நாள், அங்கிருந்து வர ஐந்து நாள். ஓலை கொண்டுவரும் நம்பிக்குக் காலில் முள் தைத்திருக்கிறது. விரைந்து நடக்கவேண்டாமென்று சொல்லியிருக்கிறேன்.

அதுவரை செல்லுமாறு இன்று முற்பகல் முரசறைந்து நான் இட்ட ஆணையாவது: தாயங்கண்ணி பக்குவம் வந்ததும் பானையை இறக்குக. பரிமாறுவோர் தலை நிமிர்ந்து இலையைப் பார்க்க. கேட்டவருக்கு மறுசோறு இடுக. கடைசி வரிசைக்கும் மோர் ஊற்றுக. இதன் பழி எழினி மீதன்று, தாயங்கண்ணி மீதன்று, என் ஒருவன் மீதே. பத்து நாள் கழித்து என் பதவிக்கு வருபவர் கல்தச்சனை அழைக்குமுன், அப்பத்தொன்பதின்மரையும் மீண்டும் அதே வரிசையில் அமர்த்திக் கரிந்த பொங்கலை இட்டு, எப்படி இருக்கிறது என்று வினவுக. பத்து நாள் நல்ல சோறு தின்ற வாய் அப்போது என்ன சொல்கிறதோ, அதைச் சொன்னபடியே எழுதுக.

இப்படிக்கு, நண்டு இலச்சினை அழுத்தி, வேட்டன் கொற்றன். இது என் எழுத்து. இது என் சொல். அறிந்து செய்க.