இடது பக்கத்துப் பாட்டு

3 மார்ச் 2025, திங்கள்

யுகேந்திரன் மறுபடியும் போன். தன் இணைய வானொலியில் நான் பேசியே ஆக வேண்டுமாம் — என் வாழ்க்கையின் ஐந்து ஆல்பங்கள். ஐந்தா? ஐம்பது என்றால்கூட யோசிப்பேன்.

மூன்று உறுதி. பதினெட்டு வயதில் ‘முகத்துவாரம்’, நம் மூவார் ஊர்ப் பையன்கள் போட்ட கேசட். இருபத்தேழில் ‘ஆறாவது லயம்’. அது தோட்டத்துக் குடியிருப்பு லயமா, தாளத்து லயமா என்று கடைக்காரரோடு அரைமணி நேரம் வாதாடியிருக்கிறேன். முப்பத்தைந்தில் ‘ஈரச் சுவர்’, குளுவாங் ஊரில் ஒருத்தி தன் வீட்டு அறையிலேயே கித்தாரோடு உட்கார்ந்து பாடிப் பதிவு செய்தது. மீதி இரண்டு? இதற்குள் பட்டியலை நாலு தடவை மாற்றிவிட்டேன்.

6 மார்ச், வியாழன்

காலையில் எழுந்தால் இடது காது அடைத்துக் கிடக்கிறது. குளித்த தண்ணீராக இருக்கும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன்.

9 மார்ச், ஞாயிறு

அடைப்பு போகவில்லை. உள்ளே ஙொய்யென்று ஒரு இரைச்சல், பழைய பிரிட்ஜ் மாதிரி. “கிளினிக் போலாம், வா” என்றார் என் வீட்டுக்காரர் குணாளன். தினமும் பல் கிளினிக் கவுண்டரில் உட்காருகிறவள் நான். நாற்காலித் தொழிற்சாலைக்காரர் எனக்கு வைத்தியம் சொல்கிறார்.

மறுபடி எண்ணெய்.

17 மார்ச், திங்கள்

பெரிய ஆஸ்பத்திரி. அழுக்கும் இல்லை, தண்ணீரும் இல்லை. நரம்பு.

“மொத நாளே வந்திருக்கணும் அக்கா. இதெல்லாம் எமர்ஜென்சி” என்றாள் டாக்டர். என்னைவிடச் சின்னவள். எண்ணெய் விட்டேன் என்று சொல்லவே வெட்கமாக இருந்தது. மாத்திரை, அதன் பிறகு காதுக்குள்ளேயே ஊசி. திரும்பி வருமா என்று கேட்டேன். பார்ப்போம் என்றாள்.

பார்ப்போமா? கேட்போம் என்று சொல்லேன்டி அம்மா.

18 மார்ச், செவ்வாய்

பயந்து பயந்து இயர்போனில் ‘ஆறாவது லயம்’ போட்டேன். அதில் இரண்டு பேர். ஒருவன் இடது பக்கத்திலிருந்து கேள்வி கேட்பான், மற்றவன் வலது பக்கத்திலிருந்து பதில் சொல்வான். இப்போது கேட்கிறவனைக் காணோம். இவன் மட்டும் யாருமில்லாத வீட்டில் பதில் பதிலாகக் கத்திக்கொண்டிருக்கிறான்.

பாதியில் நிறுத்திவிட்டேன்.

2 ஏப்ரல், புதன்

குணாளன் பந்து விளையாட்டு பார்க்கிறார். டிவி சத்தமும் காது இரைச்சலும் சேர்ந்து மண்டையைப் பிளந்தது. கத்திவிட்டேன். அவர் டிவியை அணைத்தார். “இருபது வருஷமா நீ பாட்டு போட்டப்ப நான் கத்துனேனா?” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

நான் ஏன் இப்படி ஆயிட்டேன்? எல்லார் மேலயும் எரிஞ்சு விழுறேன். கவுண்டர்ல யாராச்சும் இடது பக்கமா வந்து நின்னாகூட கடுப்பா வருது. அவங்க என்ன பண்ணுவாங்க பாவம்.

14 ஏப்ரல், திங்கள்

சித்திரைப் புத்தாண்டு. ஊசிகளும் முடிந்து, மறுபடி சோதனை. வலது காதின் கோடு மேலே, இடது காதின் கோடு தாளின் அடியில். இனிப் பெரிதாக மாற்றம் இருக்காதாம்.

பாயசம் வைக்கவில்லை.

15 ஏப்ரல், செவ்வாய்

ஙொய்.

19 ஏப்ரல், சனி

யுகேந்திரனிடம் சொன்னேன். “அலமாக்” என்று பதறினான். பிறகு, “போன்ல மோனோன்னு ஒன்னு இருக்கு அக்கா. அத போட்டா ரெண்டு பக்கமும் ஒரே காதுல வந்துடும்” என்றான். போட்டுப் பார்த்தேன். உண்மைதான், எல்லாரும் வந்தார்கள். ஒரே கதவில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வந்தார்கள். எது எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை.

நிகழ்ச்சிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

3 மே, சனி

கேசட், சிடி எல்லாவற்றையும் இரண்டு பெட்டியில் அடைத்துக் கதவருகே வைத்தேன். யாருக்காவது கொடுத்துவிடலாம். சும்மா பார்த்துப் பார்த்து வயிறெரிவதற்கு இல்லாமலே இருக்கலாம்.

குணாளன் வந்து பெட்டியருகே உட்கார்ந்தார். மேலே கிடந்த ‘ஈரச் சுவர்’ சிடியை எடுத்து, என் பழைய பிளேயரில் போட்டு, இயர்போனின் இடது முனையைத் தன் காதில் வைத்துக்கொண்டார். வலதை என்னிடம் நீட்டினார். ஒரு பாட்டை உட்கார்ந்து முழுசாகக் கேட்டதில்லை இந்த மனிதர்.

எனக்கு அவள் குரல் வந்தது. கித்தார் எங்கோ தூரத்தில்.

“உங்க பக்கம் என்ன கேக்குது?”

“கித்தாரு.” கண்ணை மூடிக்கொண்டார். “அப்புறம் அந்தப் பொண்ணு உக்காந்திருக்க நாக்காலிக்குப் பின்கால் லூசு.”

“என்னது?”

“பசை விட்டுருச்சு லா. அவ முன்னால சாயறப்பல்லாம் கிரீச்சுங்குது.”

இந்த ஆல்பத்தை இரண்டு காதும் நன்றாக இருந்தபோது எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நாற்காலியாவது மண்ணாவது. உங்களுக்கு எப்போதும் தொழிற்சாலை நினைப்புதான் என்றேன்.

“இருக்குன்னா இருக்கு. உனக்குக் கேக்கலன்னா இல்லன்னு ஆயிடுமா?”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகம் செத்துப்போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. மார்ச்சிலிருந்து நான் அழவே இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் இயர்போனைக் கழற்றாமலே என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த பாட்டுல எப்படி?” என்று கேட்டேன்.

“இன்னும் மோசமா ஆடுது.”

11 மே, ஞாயிறு

காது வரவில்லை. இரைச்சலும் போகவில்லை.

யுகேந்திரனைக் கூப்பிட்டு, வருகிறேன் என்றேன். மைக் இரண்டு வைக்கச் சொன்னேன், இடது பக்கத்துக்கு ஒன்று. மதியம் கிளம்ப வேண்டும், குணாளன் இன்னும் தன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். வானொலிக்கு எதற்கு இஸ்திரிச் சட்டை என்று இரண்டு தரம் கேட்டுவிட்டேன். காதில் வாங்கவில்லை.