எதிர் நாற்காலி

ஜூன் 3

அன்புள்ள மருமகளுக்கு,

முழங்கால் தேறிவருகிறது. மகள் வீட்டில் ராஜ உபசாரம். உன் அத்தைதான் நட நட என்று உயிரை எடுக்கிறாள்.

குமாஸ்தா எழுதியிருந்தார். நம் வக்கீல் ஆபீசில் என் மேஜைக்கு எதிரே ஜூனியர்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறாயாமே? நாற்பது வருஷமாக, நான் மனுவைப் படித்து முடிக்கும்வரை ஜூனியர் நின்றுகொண்டுதான் இருப்பான். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் அம்மா. அப்பீல் கெடுவைத் தவறவிட்ட அந்த நெட்டையனை இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லையாம். உன்னிடம் பொறுப்பைக் கொடுத்ததில் அவசரப்பட்டுவிட்டேனோ என்று தோன்றுகிறது. ஒன்றாம் தேதி வருகிறேன். என் இருக்கையில் இனி நானே உட்கார்ந்துகொள்கிறேன்.

கோபம் பாதி, ஆசி பாதியாக,
மாமா

ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இருக்கை உங்களுடையது, அதற்காக வாதாட மாட்டேன். நாற்காலிக்காக மட்டும் வாதாடுகிறேன்.

கெடு தவறியது தெரிந்த அன்றே நெட்டையன் என் எதிரே வந்து உட்கார்ந்தான். "மேடம், நேத்தோட கெடு முடிஞ்சுபோச்சு. தப்பு என்னோடதுதான்" என்றான். உடனே கட்சிக்கார அம்மாளிடம் சொன்னோம். மறுநாளே தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போட்டோம். கோர்ட் ஏற்றுக்கொண்டது.

நான் உங்கள் ஜூனியராக இருந்தபோது தையல்காரர் வழக்கில் கெடு தவறியதே, நினைவிருக்கிறதா? டைரியில் தேதி தப்பாக இருப்பதை மூன்று நாள் மிச்சமிருக்கும்போதே நான் பார்த்துவிட்டேன். மூன்று நாளும் உங்கள் மேஜை முன் வந்து நின்றேன். நீங்கள் நிமிரவில்லை, எனக்கு வாய் வரவில்லை. அவர் கடையை இழந்தார்.

எனக்குத் தெரிந்த சட்டமெல்லாம் நீங்கள் கொடுத்தது. அந்த நன்றி என்றும் மாறாது. நாற்காலியை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
மருமகள்

ஜூன் 16

அன்பு மகளே,

உன் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "நானும் எத்தனையோ விஷயம் சொல்ல வந்து, உங்க முகத்தைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன்" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் பழைய டைரிகள் பெட்டியோடு இங்கேதான் இருக்கின்றன. அந்த வருஷத்து டைரியைத் தேடி எடுத்தேன். தேதியைத் தப்பாக எழுதியிருப்பது என் கை. அன்று நாலு பேர் முன்னால் உன்னைத்தான் திட்டினேன். அது என் கையெழுத்து என்று நீ அன்று காட்டிக்கொடுக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து எழுதிய கடிதத்திலும் அதை எழுதாமல் விட்டிருக்கிறாய். நீ எனக்குக் கிடைத்தது நான் செய்த புண்ணியம். நன்றி அம்மா. இந்த வார்த்தையை உன்னிடம் இதற்கு முன் சொன்னதாக நினைவில்லை.

ஒன்றாம் தேதி வருகிறேன். நீ உன் இருக்கையிலிருந்து எழுந்திருக்காதே. அந்தத் தையல்காரரைப் பார்த்து நான் உண்மையைச் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை, உன்னிடம்தான் கேட்க வேண்டும். எதிர் நாற்காலியை எனக்கு ஒதுக்கி வை.

மாமா